விலைக்கு வாங்கிய வெயில்

வெயில் ஒன்றே; அதில் நிற்கும் மனிதர் இருவகையினர். ஒருவன் நிற்க வேண்டியிருப்பதால் நிற்கிறான். மற்றொருவன் விரும்பி வந்து நிற்கிறான். இவ்விருவர் மேனியிலும் வழியும் வியர்வையை இரு குப்பிகளிற் பிடித்து ஓர் இரசாயன சாஸ்திரியிடம் கொடுத்தால், இது கூலிக்காரனுடையது, இது விழாக்காரனுடையது என்று அவரால் பிரித்துக் கூறவியலாது. அங்ஙனமிருக்க, முன்னதைத் துன்பமென்றும் பின்னதை இன்பமென்றும் உலகம் வழங்குவானேன்? துன்பம் என்பது உடலில் உளதா, அன்றி உடலை ஆளும் உரிமை யாரிடம் இருக்கிறது என்பதில் உளதா? தத்துவ நூல் வல்லார் இதனைப் பல்லாண்டு ஆராய்ந்துள்ளனர். நாம் அந்நூல்களைத் தொடப் போவதில்லை. ஒரு தோட்டத்துக் கிராணிக்கு எட்டக்கூடிய உதாரணமொன்றைக் கொண்டே இதைச் சிறிது விசாரிக்கப் புகுகின்றோம்.

மேனாட்டில் ஹெவி மெட்டல் என்றொரு சங்கீத வகை உண்டு. மின்சாரக் கிதாரின் நாதத்தை வேண்டுமென்றே கரகரக்கச் செய்து, முரசு அதிர, தொண்டை கிழியப் பாடுவது அதன் பொது இலக்கணம். நமது நகரங்களிலும் தோட்டங்களிலும் இதனைக் கைப்பேசி வாயிலாகக் கேட்டு மகிழும் வாலிபர்கள் இல்லாமலில்லை. அவர்தம் தாய்மார், “தகரக் கொட்டகை இடிந்து விழுகிற சத்தத்தை எதற்கடா காசு கொடுத்துக் கேட்கிறாய்?” என்று கடிந்து கொள்வதையும் நாம் செவியுற்றிருக்கின்றோம். இச்சங்கீதத்தை விரும்புவோர் பெரும்பாலும் கருஞ்சட்டை அணிவர். (கருஞ்சட்டை என்றதும் நேயர்கள் வேறொன்றை நினைத்துக் கொள்ள வேண்டா, இஃது அதுவன்று.)

இவர்களுக்கென்று கோடைகாலத்தில் திறந்த வெளிகளிற் பெருவிழாக்கள் நடைபெறுகின்றன. ஜெர்மனியின் வடபாகத்தில் வாக்கன் என்னும் சிற்றூரில் 1990-ம் வருஷம் தொடங்கியது ஒன்று. சுமார் இரண்டாயிரம் பேரே வாழும் அவ்வூருக்கு விழாக்காலத்தில் எண்பதினாயிரத்துக்கு மேற்பட்டோர் வந்து குவிகின்றனர். உள்ளூர்த் தீயணைப்புப் படையாரின் பித்தளை வாத்திய கோஷ்டியும் அவ்விழாவில் வாசிப்பதுண்டு. பிரான்சு தேசத்தில் நாந்த் நகரத்தை அடுத்து, திராட்சைத் தோட்டங்கள் சூழ்ந்த கிளிஸ்ஸோன் என்னும் ஊரில் 2006-ம் வருஷம் முதல் நடைபெறும் ஹெல்ஃபெஸ்ட் மற்றொன்று. நமது ஆராய்ச்சிக்கு வேண்டியது இப்பின்னதே. அதிலும் 2022-ம் வருஷத்து விழா.

கொள்ளை நோயின் காரணமாக 2020, 2021 ஆகிய இரு வருஷங்களும் விழா நின்று போயிற்று. ஆகவே 2022-ல் ஜூன் 17 முதல் 19 வரையும், மறுபடி 23 முதல் 26 வரையும் ஆக ஏழு நாட்கள் நடத்தத் தீர்மானித்தனர். முதல் மூன்று நாட்களிலும் பிரான்சு தேசத்தை ஒரு பெரும் வெப்ப அலை பிடித்துக் கொண்டது. தென்மேற்குக் கடற்கரையிலுள்ள பியாரிட்ஸ் நகரில் 18-ந் தேதி 42.9 பாகை வெப்பம் பதிவாயிற்று. கிளிஸ்ஸோனிலும் அனல் வீசியது.

அத்தகைய நாளொன்றை அங்கே கழிப்பது எத்தகையது என்பதை நேயர்கள் மனத்திற் கொண்டு வருதல் வேண்டும். மேடைகளுக்கு எதிரே அகன்ற மைதானம், மரநிழல் அரிது. ஆயிரம் ஆயிரமாகக் கால்கள் மிதித்ததால் புல் மடிந்து மண் புழுதியாகிறது. கறுப்புத் துணி வெயிலை வாங்கிக் கொள்கிறது, திருப்பி அனுப்புவதில்லை. மனித உடல் ஏறக்குறைய 37 பாகைச் சூட்டிலேயே இருக்க வேண்டுவது. சுற்றுப்புறம் அதனினும் சூடானால், வியர்வை ஆவியாகிச் செல்வதொன்றே உடல் குளிரும் வழி. நெருக்கமாய் நிற்கும் கூட்டத்தின் நடுவே காற்று புகாதாகையால் அவ்வழியும் அடைபடுகிறது. அயலானின் மூச்சே ஓர் அடுப்பாகிறது. இவ்வளவையும் பொறுத்துக் கொண்டு காலை முதல் நள்ளிரவு கடந்தும் நிற்கின்றனர். கூலி பெறுவதற்கன்று, முன்கூட்டியே பணம் கட்டி, அனுமதிச் சீட்டுக் கிடைத்ததைப் பெரும் பேறெனக் கருதி நிற்கின்றனர். அந்த ஜூன் மாதத்தில் குழாய்களைக் கொண்டு கூட்டத்தின் மேல் தண்ணீர் பீய்ச்சினார்கள். தலை முழுவதும் நனைந்த ஜனங்கள் கைகளை உயர்த்தி ஆரவாரித்தனர்.

இதனைப் பைத்தியக்காரத்தனம் என்று தள்ளி விடுவது எளிது. நமக்கும் முதலில் எழும் எண்ணம் அதுவே. வெயிலிலே பிறந்து வெயிலிலே உழைப்போர்க்கு, வெயிலை விலை கொடுத்து வாங்குகிறவனைக் கண்டால் சிரிப்பு வராமல் என் செய்யும்? ஆயினும் இச்சங்கீதத்தின் பிறப்பை விசாரித்தால், சிரிப்பு சற்று அடங்குகிறது.

இது பிறந்த இடம் இங்கிலாந்தின் பர்மிங்ஹாம் நகரம். மாளிகைகளில் அன்று; உலோகப் பட்டறைகளும் மோட்டார்த் தொழிற்சாலைகளும் நிறைந்த ஆஸ்டன் என்னும் தொழிலாளர் பகுதியில். பிளாக் சாபத் என்னும் கோஷ்டியின் முதல் இசைத்தட்டு 1970-ம் வருஷம் பிப்ரவரி 13-ந் தேதி வெளிவந்தது. அதன் கிதார் வித்துவான் டோனி அயோமி, தகட்டு உலோகத் தொழிற்சாலை ஒன்றில் வேலை செய்தவர். வேலையை விட்டு விலகும் கடைசி நாளன்று, அவருக்குப் பதினேழு வயதிருக்கையில், வலக்கை விரல்கள் இரண்டின் நுனிகளை இயந்திரம் துண்டித்து விட்டது. இடக்கை வழக்கமுள்ளவராதலின் தந்தியை அழுத்த வேண்டிய விரல்களே அவை. அவர் ஒரு பிளாஸ்டிக் குப்பியை உருக்கி விரல்களுக்கு உறை செய்து கொண்டார். மெல்லிய தந்திகளைப் பூட்டினார். பின்னர் அழுத்துவதற்கு எளிதாகச் சுருதியையும் தாழ்த்தித் தந்திகளைத் தளர்த்தினார். அங்ஙனம் தளர்ந்த தந்தியிலிருந்து எழுந்த கனத்த, இருண்ட நாதமே இன்று உலகெங்கும் பரவியிருப்பது. அக்கோஷ்டியின் பாடகர் ஆஸி ஆஸ்போர்ன், பாட வருமுன் மாடறுக்கும் கொட்டிலிலும், மோட்டார் வண்டிகளின் ஊதுகுழல்களைச் சோதிக்கும் வேலையிலும் இருந்தவர். நாள் முழுதும் ஊதுகுழலைக் கேட்டுக் கொண்டிருக்கும் வேலை! 2025-ம் வருஷம் ஜூலை 5-ந் தேதி, தாம் வளர்ந்த அதே ஆஸ்டனில், வில்லா பார்க் மைதானத்தில் நோயினால் நிற்கவியலாது ஆசனத்தில் அமர்ந்தபடி கடைசி முறையாகப் பாடினார். அம்மாதம் 22-ந் தேதி காலமானார்.

இயந்திரத்தின் இரைச்சலும் உலையின் சூடும் அம்மக்கள் மேல் சுமத்தப்பட்டவை. அவர்கள் அவற்றை வேண்டாமென்று ஓடி ஒளியவில்லை. தம் கைக்குள் எடுத்துக் கொண்டு, தாம் விரும்பும்போது எழுப்பவும் தாம் விரும்பும்போது நிறுத்தவும் கூடிய ஒன்றாக மாற்றினர். இரைச்சல் அதே இரைச்சல்தான்; சாவி மட்டும் கை மாறியது. கிளிஸ்ஸோனில் வெயிலை விலைக்கு வாங்குகிறவனின் செய்கைக்கும் இதுவே பொருளென்று நாம் கொள்ளுகின்றோம். வருஷம் முழுவதும் பிறர் மணியடிக்க எழுந்து பிறர் மணியடிக்கப் படுக்கும் ஒருவன், தன் உடம்பு எவ்வளவு பொறுக்கும் என்பதைத் தன் இஷ்டப்படி ஒரு நாள் சோதித்துப் பார்க்கிறான்.

“பேயும் பிசாசும் எழுதிய சட்டையணிந்து கூத்தாடுகிறவர்களைப் பற்றியா இவ்வளவு பரிவு?” என்று சிலர் கேட்கலாம். கிளிஸ்ஸோனிலும் கத்தோலிக்கச் சங்கத்தார் சிலர் இக்காரணங் கூறி விழாவை எதிர்த்ததுண்டு. பேயே இல்லையென்று மேடைதோறும் முழங்கிவிட்டு, சட்டையில் வரைந்த பேயைக் கண்டு நாம் நடுங்குவது எவ்வாறு பொருந்தும்? இவ்வாட்சேபத்தை இத்துடன் விடுகின்றோம்.

வேறோர் ஆட்சேபம் கனமானது. தீமிதியையும் அலகு குத்திக் கொள்வதையும் கண்டிக்கும் நாம், உடலை வருத்திக் கொள்ளும் இதனை மட்டும் பாராட்டலாமா? அன்பர்காள், நாம் கண்டித்தது தழும்பையன்று. குழந்தைக்குக் காய்ச்சல் தெளிய வேண்டுமானால் நெருப்பில் நட என்று ஒரு தாயை அச்சுறுத்துகிற பேரத்தையே கண்டித்தோம். கிளிஸ்ஸோனுக்குப் போகிறவன் எதையும் வேண்டிக் கொண்டு போவதில்லை. போகாவிட்டால் வீட்டில் தீங்கு நேருமென்று அவனை அச்சுறுத்துவார் இல்லை. பேரமும் அச்சமும் இல்லாமல் ஒருவன் தீமிதிப்பானாயின், அவனிடம் நமக்கு வழக்கொன்றுமில்லை. பாதத்திற்கு மருந்து வைத்திருக்கிறானா என்று மட்டும் கேட்போம்.

நிற்க, அக்கூட்டத்துக்குள்ளே நடக்கும் ஒரு விநோத வழக்கத்தைக் கூறாமல் இவ்விஷயம் நிறைவுறாது. மேடைக்கு எதிரே ஜனங்கள் விலகி ஒரு வட்டம் விடுகின்றனர். அதனை மோஷ் பிட் என்பர். அதற்குள் புகுந்தவர்கள் ஒருவர்மீது ஒருவர் தோளால் மோதுகின்றனர், தள்ளுகின்றனர், சுற்றிச் சுற்றி ஓடுகின்றனர். தூரத்திலிருந்து பார்ப்பவருக்கு அது கலகமெனவே தோன்றும். அமெரிக்காவில் கார்னெல் பல்கலைக்கழகத்து விஞ்ஞானிகள் இக்கூட்டங்களின் படக்காட்சிகளை ஆராய்ந்து 2013-ம் வருஷம் ஒரு பௌதிக சாஸ்திர இதழில் எழுதினர். வட்டத்துக்குள் மனிதர் இயங்கும் வேகங்கள், அடைபட்ட வாயுவின் அணுத்திரள்கள் இயங்கும் கணக்கோடு ஒத்திருக்கக் கண்டனராம்.

ஆனால் அக்கணக்கில் அடங்காதது ஒன்றுண்டு. வட்டத்தில் ஒருவன் கீழே விழுந்தால், அருகிலிருப்பவர் உடனே நின்று கைகொடுத்துத் தூக்கிவிட வேண்டும் என்பது அங்கே யாவரும் அறிந்த நியதி. மிதியடி கழன்று போனால், எடுத்தவர் அதை உயரப் பிடித்து உரியவரைத் தேடுவர். சக்கர நாற்காலியில் வந்தவரை நாற்காலியோடு தலைக்கு மேலே தூக்கி, கைக்குக் கை மாற்றி மேடை வரையிற் கொண்டு செல்வதுமுண்டு. வாயுவின் அணு, விழுந்த அணுவைத் தூக்குவதில்லை. இந்நியதியை எழுதி வைத்த சட்டம் கிடையாது; தண்டனை கிடையாது; மோட்ச நரகம் கிடையாது. புதிதாய் வந்தவன் பழகியவனைப் பார்த்துக் கற்றுக் கொள்ளுகிறான். மதமும் போலீசும் இல்லாவிடில் மனிதன் மிருகமாவான் என்போர் இவ்வட்டத்தைச் சிறிது பொழுது நின்று பார்க்கலாம்.

இவ்வளவோடு நாம் நிறுத்திக் கொண்டால், விழாக்காரரின் விளம்பரத் துண்டு எழுதியவராவோம். மறுபக்கமும் உண்டு.

1999-ம் வருஷம் ஜூலை மாதக் கடைசியில், அமெரிக்காவின் நியூயார்க் ராஜ்யத்தில் ரோம் என்னும் ஊரில், வுட்ஸ்டாக் என்ற பழைய பெயரை வைத்து ஒரு பெருவிழா நடத்தினர். எல்லாவகைப் பாட்டும் இருந்தது. மெட்டாலிக்கா, மெகாடெத், கோர்ன் முதலிய கனத்த சங்கீதக்காரரும் வாசித்தனர். இடம், கைவிடப்பட்ட விமானப்படைத் தளம். இரண்டு லட்சத்துக்கு மேற்பட்ட ஜனங்கள் திரண்டனர். வெப்பம் 38 பாகையளவில் இருந்தது. விமான ஓடுபாதையின் தார்த்தரையும் சிமிண்டும் அதனை இரட்டித்துக் காட்டின. இதுவரையில் கிளிஸ்ஸோனுக்கும் இதற்கும் பேதம் அதிகமில்லை. பேதம் எங்கேயெனில், கொண்டு வந்த தண்ணீரையும் உணவையும் வாயிலில் பறித்துக் கொண்டு, உள்ளே ஒரு குப்பித் தண்ணீரை நான்கு டாலருக்கு விற்றனர். இலவசக் குழாய்களோ போதவில்லை. அவற்றின் முன் நீண்ட வரிசை நின்றது. கழிப்பிடங்கள் நிரம்பி வழிந்தன.

மெட்டாலிக்கா வாசித்துக் கொண்டிருக்கையில் 24 வயது வாலிபன் ஒருவன் வெப்பத்தால் சுருண்டு விழுந்து, பின்னர் வைத்தியசாலையில் உயிர் நீத்தான். நெருக்கத்தில் அகப்பட்ட பெண்கள் பலர் மானபங்கப்படுத்தப்பட்டதாகப் புகார்கள் எழுந்தன. கடைசி இரவு தீ வைத்தார்கள், சரக்கு வண்டிகள் எரிந்தன, கடைகள் சூறையாடப்பட்டன. மறுநாள் பத்திரிகைகள் பலவும், இது முரட்டுச் சங்கீதத்தின் பலன் என்றன. அச்சங்கீதம் சிலரை வெறியேற்றியிருக்கலாம். மேடையிலிருந்து தூண்டிய பாடகரும் உண்டு. பெண்களைத் தொட்ட கைகளுக்கு வெயிலைச் சாக்குச் சொல்ல எவருக்கும் உரிமையில்லை. எனினும் ஒரு கேள்வி எஞ்சி நிற்கிறது. மெட்டாலிக்கா கோஷ்டியாரே 2022-ம் வருஷம் ஜூன் 26-ந் தேதி கிளிஸ்ஸோனிலும் வாசித்தனர். ஊர் எரியவில்லையே?

சீட்டு வாங்கும்போது ஒருவன் வெயிலுக்குச் சம்மதிக்கிறான், மெய்தான். தாகத்திற்கும் சம்மதித்தானா? தண்ணீருக்கு விலை குறித்த அந்த நிமிஷத்திலேயே, விரும்பி வந்தவன் விருப்பமில்லாமல் நிற்பவனாக மாறிவிடுகிறான். விழா மைதானம் வேலைக்காடாகி விடுகிறது. அவன் பொறுத்துக் கொண்ட வெயில் வேறொருவனுக்கு இலாபமாகிறது. “நீயாகத்தானே வந்தாய்?” என்று வியாபாரி கேட்பான். நமது பாட்டன்மார் கப்பலேறி வந்த நாளில் அவர்களை நோக்கிக் கேட்கப்பட்டதும் இதே கேள்வியே. கைநாட்டு வைத்தாய், ஆகவே சம்மதித்தாய் என்றனர். சம்மதமென்பது ஒரு முறை கொடுத்து முடிந்து போகிற பொருளன்று. திரும்பிச் செல்லும் வழி திறந்திருக்கும் வரையில்தான் அது உயிரோடிருக்கும்.

அப்படியானால், ஜனங்களைக் காப்பதற்காக அரசாங்கமே இத்தகைய விழாக்களைத் தடுத்துவிடலாமா என்னும் கேள்வி பிறக்கிறது. நாம் கூறிய 2022 ஜூன் மாதத்திலேயே, பிரான்சின் ஜிரோந்து மாகாணத்து அதிகாரி, வெப்பத்தை முன்னிட்டுத் திறந்தவெளிப் பொதுநிகழ்ச்சிகளையும், குளிர்சாதனமில்லாத மண்டபங்களில் நடப்பனவற்றையும் தடை செய்தார். வடக்கேயிருந்த கிளிஸ்ஸோனில் விழா நடந்தது. இவ்விரண்டில் எது நேரிது? ஜிரோந்து அதிகாரியைக் குறை கூற நமக்கு மனமில்லை. வைத்தியசாலைகள் நிரம்பினால் பொறுப்பு அவருடையது. ஆனால் பாட்டுக் கச்சேரிக்குப் பொதுவாகத் தடை போட முடிந்த சர்க்கார்கள், அதே நேரத்தில் கூரை வேய்கிறவனையும் சாலை போடுகிறவனையும் திராட்சைத் தோட்டத்தில் குனிந்து நிற்பவனையும் அவ்வளவு எளிதில் வீட்டுக்கு அனுப்பி விடுவதில்லை. விளையாட்டு வெயில் அபாயமானது, வேலை வெயில் அவசியமானது என்பது உலக வழக்காய் இருக்கிறது. உடம்புக்கு இப்பேதம் தெரியாதென்று முதலிலேயே கண்டோம்.

விழாவிலுங்கூட, சீட்டு வாங்காமல் வெயிலில் நிற்பவர் உளர். மேடைக்கு இரும்புச் சட்டங்களை ஏற்றுவோர், மின்கம்பி இழுப்போர், கழிப்பிடங்களைக் கழுவுவோர், வாயிலிற் காவல் நிற்போர். இவர்களில் ஆயிரக்கணக்கான தொண்டர்கள் கிளிஸ்ஸோனுக்கு விரும்பியே வருகிறார்கள். மற்றவர்கள் பிழைப்புக்கு வருகிறார்கள். தண்ணீர் பீய்ச்சுகையில் கையுயர்த்தி ஆரவாரிக்கிறவன் படத்தில் விழுகிறான். குழாயைப் பிடித்திருப்பவன் படத்தில் விழுவதில்லை.

நமது தோட்டங்களில் பால்மரம் வெட்டுவோர் விடியுமுன்னே புறப்படும் வழக்கம் நேயர்கள் அறிந்ததே. அது தொழிலாளியின் மேனியைக் கருதி ஏற்பட்டதன்று. குளிர்ந்த வேளையில் மரத்தின் உள்ளழுத்தம் மிகுந்து பால் நன்றாக வடியும் என்பதற்காக ஏற்பட்டது. மரத்தின் சௌகரியம் தற்செயலாய் மனிதனுக்கும் சௌகரியமாயிற்று. செம்பனைக்கு அத்தகைய நேரங்காலம் இல்லையாகையால், குலை அறுப்பவனுக்கு அந்தத் தற்செயலான சலுகையும் இல்லை. இன்று அவ்வேலையில் பெரும்பாலும் இந்தோனேசியா, வங்காள தேசம், நேபாளம் முதலிய இடங்களிலிருந்து வந்தோர் நிற்கின்றனர். நமது பாட்டனாரிடம் கேட்ட அதே கேள்வியை அவர்களிடம் இப்பொழுது கேட்கிறார்கள்.

செக்ரோல் பல தோட்டங்களில் கணினிக்குப் போய்விட்டது. ஆயினும் பெரட்டுக் களத்தில் கிராணியின் கையிலிருக்கும் குறிப்புப் புத்தகம் இன்னும் கிராணியினுடையதே. அதிற் பெயருக்கு ஒரு கட்டம், வேலைக்கு ஒரு கட்டம், குலைகளின் எண்ணிக்கைக்கு ஒரு கட்டம் இருக்கின்றன. பகல் பன்னிரண்டு மணிக்கு வெப்பம் எத்தனை பாகை, அறுப்புக் காட்டில் தண்ணீர்த் தோம்பு நிரம்பியிருந்ததா என்பதற்கு மேலும் இரண்டு கட்டங்கள் சேர்க்க நாம் தொடங்கியிருக்கின்றோம். பென்சிலால் கோடு கிழிப்பதற்கு மேலிடத்து உத்தரவு வேண்டியதில்லை.